பதினைந்து நாள் துறவியும் இரண்டு பெட்டிகளும்

பிரயூன் பதினைந்து நாளைக்கென்றுதான் மொட்டை அடித்துக்கொண்டான். அப்பா இறந்தால் அவர் பேரில் புண்ணியம் சேர்க்க மகன்கள் எல்லாரும் செய்வதுதான். காவி கட்டி இரண்டு வாரம் கோவிலில் இருப்பார்கள், மூன்றாவது வாரம் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அவன் தம்பி ஒன்பதே நாளில், கொசுக்கடி தாங்கவில்லை என்று ஓடி வந்துவிட்டான். பிரயூன் உள்ளே போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

அவன் பெண்டாட்டி சிரிலக் தாய்லாந்தின் நக்கோன் சவான் ஊரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். இதைவிட ஒரு கேவலம் அவளுக்கு வேண்டுமா? சந்தையில் பப்பாளி விற்கிறவள்கூட விடுவதில்லை.

"டீச்சர், வீட்டுக்காரரோட பதினஞ்சு நாள் இன்னும் முடியலையா? நீங்க கணக்கு டீச்சர்தானே, கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன்."

சிரிலக் சிரித்துவிட்டுப் பப்பாளியை வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் அதைத் தின்ன ஆளிருக்காது. மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன் பிரயூன். காலையில் பல் தேய்க்கும்போதே பேச ஆரம்பித்தால் ராத்திரி விளக்கணைக்கிறவரை ஓயமாட்டான். அந்தப் பேச்சு இல்லாத வீட்டில் குளிர்பதனப் பெட்டி உறுமுவது மட்டும்தான் கேட்டது. அவன் திரும்பி வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், வேறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்போடு கோவிலுக்குப் போவாள். அவன் மேடையில் சம்மணமிட்டிருப்பான், இவள் கீழே தரையில். பெண்ணின் கையிலிருந்து பிக்கு எதையும் நேராக வாங்கக் கூடாது. அவன் ஒரு துணியை விரிப்பான், அதன்மேல் இவள் தூக்குச்சட்டியை வைப்பாள். அப்புறம் உபதேசம் ஆரம்பமாகும். பெண்டாட்டியானாலும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான், கோவிலுக்கு வரும் பக்தைகளைக் கூப்பிடுவதுபோல உபாசிகை என்றுதான்.

"உபாசிகையே, ஆயிரம் பேர் ஒண்ணா உட்கார்ந்து மனசை அடக்கினா உலகமே அடங்கும்."

"அடங்குமா? எவ்வளவு அடங்கும் சாமி? எத்தனை சதவீதம்?"

"சதவீதமெல்லாம் கேட்கக் கூடாது. வெளிநாட்டுல சோதிச்சே பார்த்திருக்காங்களாம். தன்னால எண் போடுற பெட்டி ஒண்ணு இருக்காம். ஜனங்க தியானம் பண்ணும்போது அந்தப் பெட்டியே தடுமாறிப் போச்சாம்!"

சிரிலக் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அவன் முதல் தடவையாக அவள் பேட்டைக்குள் கால் வைத்திருக்கிறான்.

"அந்த மாதிரி பெட்டி எங்க காலேஜ் ஆய்வகத்துல ரெண்டு தூசி பிடிச்சுக் கிடக்கு. சோதிச்சிரலாமா? பெட்டி அசைஞ்சா ஆயுசுக்கும் நீங்க இங்கயே இருங்க, நான் வாயே திறக்கமாட்டேன். அசையலைன்னா அன்னைக்கே காவியைக் கழட்டிட்டு வீட்டுக்கு வரணும்."

"துறவிகிட்டப் பந்தயமா கட்டுற?"

"பந்தயம் இல்ல சாமி. ஆராய்ச்சி."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அருமை! நான் சாட்சி!" தலைமைப் பிக்கு லுவாங் போ சம்ருவாய். எழுபது வயசு மனுஷர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை.

அவள் கிளம்பும்போது அவர் வாசலில் மறித்தார். ஒரு பெண்ணோடு தனியாகப் பேசக் கூடாதே என்று தோட்டக்காரரைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தாயே, எப்படியாவது அவனைக் கூட்டிட்டுப் போயிரு."

"என்ன சாமி, தப்பு ஏதாவது பண்றாரா?"

"பண்ணினாத்தான் துரத்திரலாமே! ஒரு தப்பும் பண்ணமாட்டேங்கறான், அதான் என் தலையெழுத்து. காலையில நாலரை மணிக்கு ஒலிபெருக்கியைப் போட்டுக்கிட்டு மௌனத்தோட மகிமையைப் பத்திப் பேசறான். ஒண்ணே முக்கால் மணி நேரம்! கோவில் நாய் மூணு, ஆத்துக்கு அந்தப் பக்கம் குடி போயிருச்சு."

தோட்டக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

சிரிலக் காரியத்தில் இறங்கிவிட்டாள். பெட்டி பெரிய மாயமெல்லாம் இல்லை. ஒவ்வொரு நொடியும் உள்ளுக்குள்ளே இருநூறு காசைச் சுண்டிப் போட்ட மாதிரி போட்டு, எத்தனை தலை விழுந்தது என்று சிவப்பு எழுத்தில் காட்டும். ஒரு நொடி தொண்ணூற்று மூன்று, அடுத்த நொடி நூற்றெட்டு; மொத்தத்தில் சராசரி நூறு. ஒரு பெட்டி கோவிலில், லுவாங் போவின் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். இன்னொன்று ஏரிக்கு அக்கரையில், பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே தியானம் இல்லை, மனுஷர் இல்லை, ஈ காக்கா இல்லை. இரண்டின் சராசரியையும் ஒப்பிட வேண்டியது. அவ்வளவுதான்.

விதியை ஒரு தாளில் எழுதினாள். இரண்டு பெட்டிகளுக்கும் வித்தியாசம் அரைக்கு மேல் இருந்தால் பிரயூன் இருப்பான். அரைக்குள் இருந்தால் வருவான். முடிவு தெரிந்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. கையெழுத்துப் போட்டு உறையிலிட்டு ஒட்டி, லுவாங் போ விரித்த துணியில் வைத்தாள். நாளையும் அவளாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்! கோவிலில் ஜனங்கள் கூடும் புத்த நாட்களில் வரப்போகும் பன்னிரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தாள். பதினாறாம் தேதி வந்தது. வந்தால் என்ன, அவளுக்கு எல்லாத் தேதியும் ஒன்றுதான். அந்த மாகாணத்தில் பதினாறாம் தேதி என்றால் என்னவென்று யோசிக்காத ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

அன்று காலை கோவிலில் வெள்ளை உடுப்பில் ஆயிரத்து இருநூறு பேர் கூடினார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிக்க வேண்டும் என்று லுவாங் போ கறாராகச் சொல்லிவிட்டார். உச்சிக்கு முன்னால் பிக்குகள் சாப்பிட்டாக வேண்டும், ஆராய்ச்சிக்காகப் பட்டினி கிடக்க முடியாது. சிரிலக் கோவில் பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு, அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியை விரட்டினாள்.

பள்ளிக்கூடத்துக் காவல்காரி புவாலாய் அக்கா கதவைத் திறந்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். இரண்டாம் வகுப்பு மேஜைமேல் பெட்டி ஒன்பது மணிக்குச் சரியாகக் கண் விழித்தது. 104. 97. 91.

"என்ன டீச்சர் இது, ரேடியோவா?"

"இல்லக்கா. எண் காட்டுற பெட்டி."

"யார் போடுறா எண்ணை?"

இங்கேதான் சிரிலக் அந்தப் பாழாய்ப்போன தப்பைச் செய்தாள். உண்மையைச் சொன்னாள்.

"யாரும் போடலை. தன்னால வருது. அடுத்து என்ன வரும்னு உலகத்துல ஒருத்தராலயும் சொல்ல முடியாது."

புவாலாய் அக்கா மெள்ளச் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தாள். பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இன்னைக்குத் தேதி என்ன டீச்சர்?"

"பதினா..." என்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் மத்தியானம் அரசாங்க லாட்டரி குலுக்கல். பரிசுச் சீட்டின் கடைசி இரண்டு இலக்கத்துக்காக வாழைத்தாரை எண்ணுவார்கள், இரட்டைத் தலைப் பல்லியைக் கும்பிடுவார்கள், மோதி நசுங்கின வண்டியின் நம்பர் பலகையை ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் எழுதிக்கொள்வார்கள். அந்த ஜனங்கள் நடுவில் போய், யாரும் போடாமல் எண் வருகிறது என்று சொல்லிவிட்டாளே!

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றாள் புவாலாய் அக்கா, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே.

ஒன்பதே காலுக்கு ஏழு பைக் வந்தது. ஒன்பதரைக்கு எண்பது பேர். பத்து மணிக்கு முந்நூறு பேர், தட்டில் சீட்டு விற்கிற நான்கு லாட்டரித் தட்டுக்காரர்கள், வறுத்த வாழைப்பழம் விற்கிறவன் ஒருவன். வந்தவர்கள் மரத்துச் சாமிக்குச் செய்வதுபோலப் பெட்டிக்கு மூன்று நிறத் துணி கட்டி மாலை போட்டார்கள். சிவப்பு சோடா பாட்டிலில் உறிஞ்சுகுழாய் போட்டு, பெட்டி குடிப்பதற்கு வசதியாக முன்னால் வைத்தார்கள். ஒரு கிழவர் முகப்பவுடரை எடுத்து அதன் முதுகில் தேய்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, கையை எடுங்க! பவுடர் உள்ள போயிரும்!"

"மரத்துல தேய்ச்சா எண் தெரியும், இதுல தெரியாதா?"

"இதுலதான் எண் தன்னாலயே தெரியுதேய்யா!"

"ஆமாம்ல?" என்று கிழவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு டப்பாவை மூடினார்.

பெட்டி 88 காட்டியது. கூரை பறந்துவிடும்போல ஒரு ஆரவாரம். அடுத்து 106.

"தூ! மூணு இலக்கம்!" என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு இலக்கம்தான். நூறைத் தொட்டுவிட்டால் அந்த எண் யாருக்கும் உதவாது.

"வா சாமி, ரெண்டா வா, ரெண்டா வா!" என்று ஒருத்தி கெஞ்சினாள். 95. "வந்துருச்சு! என் சின்ன மாமியார் செத்த வயசு!"

சிரிலக் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். "எல்லாரும் தயவுசெஞ்சு வெளிய போங்க! இங்க யாரும் எதுக்கும் ஆசைப்படக் கூடாது! அதுக்காகத்தான் இந்தப் பெட்டியையே இங்க வெச்சிருக்கேன்!"

"ஆசைப்படாம எப்படி டீச்சர் சீட்டு வாங்கறது?" என்று தட்டுக்காரன் நியாயம் கேட்டான்.

அவளுக்கு அழுகை வந்தது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது, இன்னொரு நாள் நடத்திக்கொள்ளலாம். ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது என்றும் அந்தத் தாளில் எழுதித் தொலைத்திருக்கிறாளே! போகட்டும், மனுஷர் ஆசைப்பட்டுப் பெட்டி அசையவா போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, பத்தரை மணிவரை சோடா பாட்டில் கவிழாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியைத் துணியும் மாலையுமாக அப்படியே தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினாள். பின்னால் பார்த்தால் ஊர்வலம். பெட்டியைத் தனியாக விட யாருக்கும் மனசில்லை.

கோவிலில் தியானம் அருமையாக நடந்திருந்தது. "ஒருத்தரும் இருமக்கூட இல்ல தாயே," என்றார் லுவாங் போ, வாய் துடைத்துக்கொண்டே. "பிரயூனே ஒன்றரை மணி நேரம் பேசலைன்னா பார்த்துக்கோ. எனக்கு முதல்ல உடம்புக்கு முடியலையோன்னு பயமாயிருச்சு."

அலமாரியைத் திறந்தார்கள். பிரயூன் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சிரிலக் கோவில் பெட்டியின் கணக்கை எடுத்தாள். ஐயாயிரத்து நானூறு எண்கள், சராசரி நூறு புள்ளி பூஜ்யம் இரண்டு.

"அப்படின்னா?" என்றார் லுவாங் போ.

"அசையவே இல்ல சாமி. ஒரு மயிரிழைகூட."

லுவாங் போ விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். விசிறி குலுங்கியது. பிரயூனின் முகம் தொங்கிப்போயிற்று. சிரிலக் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே இன்னொரு பெட்டியின் கணக்கை எடுத்தாள்.

தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு ஒன்பது என்று வாய்விட்டே படித்தாள்.

மறுபடி போட்டாள். அதேதான். கையால் கூட்டிப் பார்த்தாள். வித்தியாசம் அரைக்கு மேலே, முக்காலை ஒட்டி நின்றது. முந்நூறு பேர் இரண்டா வா, இரண்டா வா என்று கதறினதற்குப் பாவிப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நூறுக்குக் கீழே நகர்ந்திருக்கிறது. அத்தனை பேர் மூச்சுச் சூட்டில் உள்ளே ஏதாவது கெட்டிருக்கலாம், பவுடர் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் எழுதினது எழுதினதுதான்.

லுவாங் போ உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, படிக்காத மாதிரி மடித்தார்.

"இதென்ன அநியாயம்! நம்ம பெட்டி அசையலை. அசைஞ்சது அக்கரைப் பெட்டி. அதுக்கு இவன் ஏன் இங்க இருக்கணும்?"

"ரெண்டுக்கும் வித்தியாசம்னுதான் எழுதியிருக்கேன் சாமி."

"அடிச்சிட்டு வேற எழுதும்மா! நான் பேனா தரேன்!"

"மாட்டேன் சாமி. இருபது வருஷமா பசங்க வந்து இதைத்தான் கேட்கறாங்க, முடிவைப் பார்த்துட்டு விதியை மாத்திக்கறேன் டீச்சர்னு. ஒருத்தனையும் நான் விட்டதில்லை. எனக்கு மட்டும் எப்படி விட்டுக்கறது?" அவள் மேடையைப் பார்த்துக் கைகூப்பினாள். "சாமி ஜெயிச்சிட்டீங்க. ஆயுசுக்கும் இருங்க."

கதவோரம் நின்ற புவாலாய் அக்காவுக்கு ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது. "டீச்சர், கடைசியா என்ன எண் சொன்னீங்க? ரெண்டு ஒன்பதா? இருபத்தொன்பதா?"

"இருபத்தொன்பது!" என்று வெளியே யாரோ கத்தினார்கள். குலுக்கலுக்கு இன்னும் நேரமிருந்தது. ஒரு நிமிஷத்தில் முற்றத்தில் ஒரு பைக்கும் இல்லை. தியானம் பண்ணின வெள்ளை உடுப்புக்காரர்களிலும் பாதிப் பேரைக் காணோம்.

சிரிலக் பெட்டிமேலிருந்த துணிகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்துக்கொண்டே அழுதாள், மூக்கை அதே துணியில் துடைத்தாள்.

"ஆயிரத்து இருநூறு பேர் எதுவும் வேணாம்னு உட்கார்ந்தோம்," என்றான் பிரயூன் திடீரென்று. "ஒண்ணும் நடக்கலை. அங்க வேணும் வேணும்னு கத்தியிருக்காங்க, பெட்டி நகர்ந்திருக்கு."

"அது சூட்டுனாலயும் இருக்கும் சாமி. சரியா சொல்ல முடியாது."

"சரி, சூடு. நீ மூணு வருஷமா வர்ற. மீன் குழம்பு கொண்டு வர்ற. சதவீதம் கேட்கற. இன்னைக்குப் பெட்டியே கொண்டு வந்துட்ட. என்னை வேணும்னு ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டியா?"

உபாசிகையே என்ற வார்த்தை அதில் இல்லை. அவள் தலையைத் தூக்கினாள்.

"என்ன சொல்றீங்க?"

"பதினஞ்சாவது நாள் நான் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். நீ வரலை."

"பரீட்சை மேற்பார்வை இருந்தது! ஆளனுப்பினேனே!"

"என்ன சொல்லி அனுப்பின? 'உங்க இஷ்டம்'னு!"

"அது பெருந்தன்மையா சொன்னது!"

"எனக்கு அது 'நீ வராட்டியும் ஒண்ணும் இல்ல'ன்னு கேட்டுச்சு. சரி, கூப்பிடும்போது போயிக்கலாம்னு உட்கார்ந்தேன். நீ கூப்பிடவே இல்ல. நான் என்னதான் பண்றது? பேசிக்கிட்டே இருந்தேன்."

"மூணு வருஷமா?" என்றார் லுவாங் போ ஈனஸ்வரத்தில். "நாலரை மணிக்கு?"

சிரிலக் எழுந்து நின்றாள். பிக்குவுக்கு முன்னால் அப்படி நிற்கக் கூடாது. அவள் கவனிக்கவில்லை.

"யோவ்! அறிவிருக்காய்யா உனக்கு? பாத்திரம் தேய்க்கும்போது அழுதிருக்கேன், மைக்செட்டைத் தொடச்சு வெச்சு அழுதிருக்கேன், சந்தையில பப்பாளிக்காரிகிட்டப் பேச்சு வாங்கியிருக்கேன். துறவியைக் கூப்பிட்டாப் பாவம்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா, நீ இங்க வந்து மௌனத்தைப் பத்திப் பேசிட்டு இருக்கியா? எனக்கு நீ வேணும்! இன்னைக்கே வேணும்! வாய்யா வீட்டுக்கு!"

லுவாங் போ அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

பிரயூன் மேடையிலிருந்து இறங்கினான். பெட்டியைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை. லுவாங் போவின் முன்னால் மூன்று தடவை விழுந்து வணங்கி, துறவைத் திருப்பித் தரும் வாசகத்தைச் சொல்லத் தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் லுவாங் போ அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு கால்சட்டையும் சட்டையும் எடுத்து நீட்டினார். இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இது எப்பலேர்ந்து சாமி இங்க இருக்கு?" என்றாள் சிரிலக்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். மாசாமாசம் புதுசா இஸ்திரி போட்டுருவேன். நம்பிக்கைதானே."

பிரயூன் மறைவுக்குப் போய் உடுத்திக்கொண்டு வந்தான். ஊரார் போட்ட மூன்று வருஷச் சாப்பாட்டில் பொத்தான் மாட்டவில்லை. இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு, மொட்டைத் தலையும் தானுமாக, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளையைப் போல அவள் எதிரில் வந்து நின்றான்.

"லக்," என்றான். பிறகு என்ன பேசுவதென்று அவனுக்கே தெரியவில்லை.

துறவியை ஒரு பெண் தொடக் கூடாது. மூன்று வருஷமாக அவள் அவன் நிழலைக்கூட மிதித்ததில்லை. இப்போது அவன் துறவியில்லை. சிரிலக் கையை ஓங்கி, அவன் நடு முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.